மூன்று பாக ஆழம்

பட்டணத்தில் ட்ராம் வண்டி நின்றுபோனதற்கு மறு வருஷம் நடந்தது இது. கல்மண்டபத்தைச் சுற்றி வளர்ந்து, இப்போது முழங்கால் தைலமும் கண் சொட்டு மருந்துமாக உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், எங்கள் வீடு உங்களுக்கு ஞாபகம் வரலாம். ‘தவலைய மாட்டிக்கினு கடல்ல எறங்குற குடும்பம்’ என்று தெருவில் எங்களுக்குப் பெயர். அந்தப் பெயர் உங்களுக்குத் தெரியும். நடந்ததில் பாதியும் தெரிந்திருக்கும். மற்றப் பாதி தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். அவருடைய அண்ணன்மார் இரண்டு பேரும் கொத்தவால் சாவடியில் வத்தல், கருப்பட்டி மொத்த வியாபாரம். அப்பாவுக்கு அதில் மனசு ஒட்டவில்லை. கல்மண்டபத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்தார். முன்னறை ஸ்டுடியோ, நடுவில் ஜன்னலே இல்லாத இருட்டறை, அதற்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த இரண்டு அறைகள். வீட்டில் சோறு வேகிற வாசனையோடு படம் கழுவுகிற ஹைப்போ வாசனையும் எப்போதும் கலந்திருக்கும். அப்பா, அம்மா, பன்னிரண்டு வயது முடிந்த அக்கா, ஒன்பது வயது நான். மாடியில் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா. துறைமுகப் பட்டறையில் ஃபிட்டர் வேலை.

சின்ன வயதில் அப்பா சங்கு குளிக்கிறவர்களோடு சுற்றியவர். மூச்சை அடக்கிக்கொண்டு தண்ணீருக்குள் ஒன்றரை நிமிஷம் இருப்பார். பட்டணத்துக்கு வந்த பிறகு அதற்கெல்லாம் வேலையில்லாமல் போயிற்று. பிறகு ஒருநாள் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடையிலிருந்து ஓர் இங்கிலீஷ் பத்திரிகை வாங்கிவந்தார். அதில் ஒரு வெள்ளைக்காரன் தலையில் அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டு கடலடியில் நிற்கிற படம் இருந்தது. அப்பா அதை மாமாவின் மடியில் விரித்து வைத்தார். “இதை நம்ம செய்ய முடியுமாடே?” என்று கேட்டார். மாமா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அண்டா இருந்தா செய்யலாம் அத்தான்” என்றார்.

அம்மாவின் கல்யாணச் சீரில் வந்த செம்புத் தவலை அதற்குப் போயிற்று. அம்மா தானேதான் எடுத்துக் கொடுத்தாள். மாமா முன்பக்கம் சதுரமாக வெட்டிக் கண்ணாடி பதித்தார். பின்பக்கம் ஓட்டை போட்டுக் காற்றுக் குழாய்க்கு மூக்கு வைத்துப் பற்றவைத்தார். தோளில் அழுத்தாமலிருக்க அம்மா பழைய கோணியில் இலவம்பஞ்சு திணித்து வளையம் தைத்தாள். தவலை தண்ணீரில் மிதக்காமலிருக்க இரண்டு பக்கமும் ஈயக்கட்டி. லாரி டயருக்குக் காற்றடிக்கும் பம்ப் ஒன்றை மாமா எங்கிருந்தோ கொண்டுவந்தார். மேலே படகில் ஒருவர் பம்ப் அடித்துக்கொண்டே இருக்கவேண்டும். காற்று தவலைக்குள் வந்து, கழுத்துப் பக்கம் குமிழியாக வெளியே போகும். தண்ணீர் முகவாய்க்கு மேலே ஏறாது. இடுப்பில் ஒரு கயிறு. ஒரு தடவை இழுத்தால் சுகம், இரண்டு தடவை என்றால் இன்னும் காற்று வேண்டும், மூன்று தடவை இழுத்தால் தூக்கிவிடவேண்டும்.

முதலில் இறங்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? அம்மா. திருவொற்றியூர்க் கரையில், இடுப்பளவுத் தண்ணீரில், புடவையைக் கச்சமாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். செம்புத் தவலை மெல்ல முங்கிற்று. குமிழிகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. எழுந்து தவலையைக் கழற்றியபோது அம்மாவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. “உள்ளே உலை கொதிக்கிற மாதிரி சத்தம். வேற ஒண்ணுமே கேக்கல. எவ்வளவு நிம்மதியா இருக்கு” என்றாள். அம்மா அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் ஒரு ஜட்கா வண்டி வந்து நிற்கும். தவலை, பம்ப், குழாய்ச் சுருள், புளிச்சோறு, தண்ணீர்க்கூஜா எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போவோம். தீப்பெட்டி ஆலைப் பக்கம் மருந்து வாடை மூக்கில் ஏறும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொள்வாள். கடல் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அங்கே ஒரு படகுக்காரர் இருந்தார். அப்பாவைவிடப் பத்து வயதாவது மூத்தவர், ஆனாலும் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவார். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில், சண்டைக் காலத்தில் கல் ஏற்றிவந்து மூழ்கிப்போன ஒரு பார்ஜ், தட்டையான சரக்குப் படகு, கிடப்பது அவருக்குத் தெரியும். மீன் அண்டுகிற இடம் என்பதால் மற்றவர்களிடம் அதைச் சொல்லமாட்டார். எங்களுக்குக் காட்டினார். அங்கே ஆழம் மூன்று பாகம். பாகம் என்றால் ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்து நிற்கிற நீளம். தை பிறந்து வாடைக்காற்று அடங்கிய பிறகு அந்த இடத்தில் தண்ணீர் தெளியும். பங்குனிக் கடைசியில் தென்காற்று வந்ததும் மறுபடி கலங்கிவிடும். நடுவே இருக்கிற இரண்டு, இரண்டரை மாசம்தான் கணக்கு.

அப்பாவின் ஆசை இறங்கிப் பார்ப்பதோடு நிற்கவில்லை. படம் பிடிக்கவேண்டும். ஒரு பெட்டிக் கேமராவைத் தகர டப்பாவுக்குள் வைத்து, முன்னால் கண்ணாடி, ஓரமெல்லாம் சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டி, மெழுகு ஊற்றி அடைத்தார். வெளியிலிருந்து ஒரு கம்பியை அழுத்தினால் உள்ளே ஷட்டர் விழும். ஒரு படம் எடுத்ததும் மேலே வந்து, ஈரத்தைத் துடைத்து, டப்பாவைத் திறந்து, ஃபிலிமைச் சுற்றி, மறுபடி மெழுகு அடைத்து இறங்கவேண்டும். ஒரு நாளில் நான்கு படம் எடுத்தால் பெரிசு. கழுவிப் பார்த்தால் அதில் மூன்று வெறும் கறுப்பாக இருக்கும்.

ஆனாலும் எங்களுக்கு அது திருவிழா. திங்கட்கிழமை காலையில் நால்வரும் இருட்டறைச் சிவப்பு விளக்கின் கீழே தட்டைச் சுற்றி நிற்போம். வெள்ளைத் தாளில் பார்ஜின் விலா எலும்பு போன்ற கட்டைகள் மெல்ல வரும். ஒரு மீனின் வால் வரும். பெரியப்பாமார் வந்தால், “வியாபாரத்தைப் பாக்காம இதென்ன கிறுக்கு” என்பார்கள். அப்பா அந்தத் தாளை அவர்கள் முன்னால் வைத்து, “இதை எவனாவது பார்த்திருக்கானா?” என்று மட்டும் கேட்பார்.

அக்கா முதல் தடவை இறங்கியது தை மாசக் கடைசியில். அவள் சுபாவத்திலேயே மெதுவானவள். நன்றாகப் படம் வரைவாள். சத்தமாகப் பேசமாட்டாள். ஒரு பாகம் இறங்குவதற்குள் மூன்று தடவை கயிற்றை இழுத்துவிட்டாள். மேலே வந்ததும் அழுதாள். காது வலிக்கிறது என்றாள். தவலைக்கு அடியில் கையை விட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊது, காது விட்டுவிடும் என்று அப்பா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். அவளுக்கு அது வரவில்லை. அப்பா அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டார். “காதாவது மூக்காவது. பயந்தாங்கொள்ளி” என்றார். வண்டியில் வரும்போது அவளோடு பேசவில்லை. அதற்கு மறுநாளும் பேசவில்லை. அப்பா கைநீட்டுகிறவர் இல்லை, திட்டுகிறவரும் இல்லை. பேசாமல் இருந்துவிடுவார், அவ்வளவுதான். அக்காவுக்கு அந்த இரண்டு நாள் போதுமானதாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கேட்காமலே தவலையைத் தலையில் வாங்கிக்கொண்டாள். அடி மணல் வரைக்கும் போய் வந்தாள். மேலே வந்தபோது உதடு வெள்ளையாக இருந்தது. அப்பா அவளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார்.

மாசியில் அம்மா பிரசவத்துக்கு ஊருக்குப் போனாள். ரயிலேறும்போது, “நான் திரும்பி வர்ற வரைக்கும் பிள்ளைகளைக் கொண்டுபோகாதீங்க” என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா சரி என்றார். அந்த வாரமே எங்களைக் கொண்டுபோனார். அவர் மனசில் ஒரு படம் உட்கார்ந்துவிட்டது. பார்ஜின் மேல்தட்டில், தவலையோடு, பாவாடை தண்ணீரில் விரிய, அக்கா நிற்கவேண்டும். சுற்றிலும் மீன் வேண்டும். “இந்த வருஷத்தை விட்டா முடியாது. அடுத்த வருஷம் இவ பெரிய மனுஷி ஆயிருவா, உங்க அக்கா விடமாட்டா” என்று மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். அக்காவின் படம் முடிகிற அன்றைக்கு நான் இறங்கலாம்.

பங்குனியில் ஒருநாள் காலை, அக்கா தன் தலையணையை எடுத்து என்னிடம் காட்டினாள். உறையில் மஞ்சளாக ஒரு கறை. முகர்ந்து பார்த்தேன். கெட்ட வாடை. வலது காதிலிருந்து வருகிறது என்றாள். ஒரு வாரமாக இருக்கிறதாம். பஞ்சை வைத்து அடைத்துத் தலைமுடியால் மூடிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்வந்திருக்கிறாள். ராத்திரி வலிக்கிறது, ஒரு பக்கம் மந்தமாகக் கேட்கிறது என்றாள்.

“அப்பாகிட்ட நீ சொல்லு” என்றாள். “நான் சொன்னா, பயந்துக்கிட்டுச் சாக்குச் சொல்றேன்னு நினைப்பார். நீ சொன்னா நம்புவார்.”

நான் போனேன். அப்பா இருட்டறையில் இருந்தார். கதவைத் தட்டி, ‘வரலாம்’ என்ற பிறகு உள்ளே போனேன். ஈர நெகட்டிவ் ஒன்றை விளக்குக்கு நேரே பிடித்திருந்தார். போன வாரத்துப் படம். அக்காவின் கால் மட்டும் விழுந்திருந்தது. “பாருட்டி, வெளிச்சம் சரியா இருக்கு. நான்தான் சாஞ்சுட்டேன். வர்ற ஞாயித்துக்கிழமை முடிச்சிரலாம். படகுக்காரர் சொல்றார், தண்ணி இன்னும் ஒரு வாரந்தான் தெளிவா இருக்குமாம்” என்றார். பிறகு என் தலையில் கை வைத்து, “அன்னைக்கு உன் முறை. ஞாபகம் இருக்கா?” என்றார்.

ஞாபகம் இருக்கிறது என்றேன். வெளியே வந்தேன்.

அக்கா கொல்லைப்பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். “சொன்னியா?” என்று கேட்டாள்.

“சொன்னேன்.”

“என்ன சொன்னார்?”

“ஒண்ணும் ஆகாதாம். இன்னும் ஒரே ஒரு தடவைதானாம்.”

ஒன்பது வயதில் அவ்வளவு சரளமாகப் பொய் வந்ததை நினைத்தால் இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. யோசிக்கவே இல்லை. அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. கல்லின் மேலிருந்த சோப்பு நுரையை விரலால் வழித்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து போய்த் தலையணை உறையைத் தானே துவைத்துக் காயப்போட்டாள். அதற்குப் பிறகு காதைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை போல ஒரு நாளை நான் பார்த்ததில்லை. காற்றே இல்லை. கடல் தகடு மாதிரி கிடந்தது. படகின் விளிம்பில் குனிந்தால் அடியில் பார்ஜின் கட்டைகள் தெரிந்தன. மாமா பம்ப் அடிக்க, படகுக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். அக்கா இறங்கினாள். அப்பா ரப்பர் விளிம்பு வைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தகர டப்பாவோடு குதித்தார். ஒரு நிமிஷத்தில் மேலே வந்து கையை ஆட்டினார். எடுத்தாயிற்று. அக்காவைத் தூக்கினார்கள். தவலையைக் கழற்றியதும் அவள் படகின் மூலையில் போய்ச் சுருண்டு உட்கார்ந்துகொண்டாள்.

டப்பாவைத் திறந்து பார்த்த அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. கம்பி நழுவியிருந்தது. ஷட்டர் விழவேயில்லை.

அவர் அதைச் சரிசெய்ய நேரமாகும் என்று தெரிந்ததும், “அதுக்குள்ள சின்னவ இறங்கிட்டு வரட்டும்” என்றார். தவலை என் தலையில் இறங்கியது. உள்ளே செம்பு வாடை, அக்காவின் தலை எண்ணெய் வாடை. படகோரத்தில் தொங்கவிட்ட கயிற்று ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினேன். எல்லாச் சத்தமும் நின்று, குமிழிச் சத்தம் மட்டும் கேட்டது. பச்சை வெளிச்சம் துணி மாதிரி அசைந்தது. ஊசி ஊசியாக மீன் கூட்டம் ஒன்று கண்ணாடிக்கு முன்னால் வந்து, எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பிற்று. என் ஆயுசில் அதைவிட அழகான எதையும் நான் பார்க்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நிஜம்.

ஒரு பாகம்தான் இறங்கியிருப்பேன். காதுக்குள் ஆணி வைத்து அடித்தது போல வலித்தது. மூன்று தடவை இழுத்தேன். தூக்கிவிட்டார்கள்.

அக்காவுக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். நல்ல காதுக்கே ஒரு பாகத்தில் அப்படி வலிக்குமானால், சீழ் வைத்த காதோடு மூன்று பாகம் போனவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அந்த நிமிஷத்தில் தெரியும். அப்பா பக்கத்தில்தான் இருந்தார். மெழுகைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். சொல்ல வாயைத் திறந்தால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். அக்காவிடம் நான் சொன்ன பொய்யும் வெளியே வரும். இரண்டு பேரும் என்னோடு பேசமாட்டார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

படகுக்காரர்தான் பேசினார். “இன்னா நைனா, புள்ள மூஞ்சி வெளுத்துப்போய்க் கீது. போதும், கரைக்குப் போய்டலாம்” என்றார்.

“ஒரே ஒரு தடவை” என்றார் அப்பா. அக்காவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். “இன்னொரு தடவை போறியா, ராசாத்தி? உனக்கு முடியாதுன்னா வேண்டாம்.”

அக்கா அவரை வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையை அப்பா என்னவென்று எடுத்துக்கொண்டாரோ தெரியாது. எனக்குத் தெரியும். வலி தெரிந்தும் கேட்கிறாரே என்று பார்த்தாள்.

“போறேன்” என்றாள்.

அந்தத் தடவை படம் விழுந்தது. கயிறு ஆடவே இல்லை என்று படகுக்காரர் பிற்பாடு சொல்லிக்கொண்டே இருப்பார். மேலே தூக்கித் தவலையை எடுத்தபோது வலது காதிலிருந்து கழுத்து வரைக்கும் ரத்தம் கோடாக இறங்கியிருந்தது. மூக்கிலும் ரத்தம். நிற்க முடியாமல் சாய்ந்தாள். உலகம் சுற்றுகிறது என்றாள். படகுக்காரர் தலைப்பாகையை அவிழ்த்து அவள் முகத்தைத் துடைத்தார்.

மறுநாள் காய்ச்சல் வந்தது. அப்பா பயந்துபோனார், ஆனால் எதற்குப் பயப்படவேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. மூக்கில் ரத்தம் வந்ததே, நெஞ்சுக்குள் ஏதாவது ஆகியிருக்குமோ என்று நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். காது ரத்தத்தைத் தவலை விளிம்பு கீறியது என்று நினைத்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து பார்த்து, பங்குனி வெயில், அம்மை போடப்போகிறது என்றார்கள். வாசலில் வேப்பிலை செருகினார்கள். மருந்து கொடுக்கக்கூடாது என்றார்கள். அக்கா காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டியதும், ஒரு பெண் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைச் சுடச்சுடக் காதில் விட்டாள். அக்கா போட்ட சத்தத்தில் ஸ்டுடியோவில் படமெடுக்க வந்து உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அம்மை முத்து ஒன்றுகூடப் போடவில்லை. எட்டு நாள் போயிற்று. காதுக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி, காது முன்னால் தள்ளிக்கொண்டு வந்த பிறகு, மாமா யாரையும் கேட்காமல் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

காதுக்குப் பின்னால் எலும்பு வரைக்கும் சீழ் என்றார்கள். வெட்டிச் சுரண்டி எடுத்தார்கள். உயிர் பிழைத்ததே பெரிசு என்றார் டாக்டர். காதில் இதற்கு முன்னால் சீழ் வந்ததா என்று அப்பாவிடம் கேட்டார். இல்லை என்று அப்பா அடித்துச் சொன்னார். நான் அவர் பக்கத்தில், அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

தம்பியைத் தூக்கிக்கொண்டு அம்மா ஊரிலிருந்து வந்தபோது அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். வலது பக்க முகம் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கண்ணை மூட முடியாது. தூங்கும்போதும் வெள்ளை தெரியும். வலது காது முழுக்கப் போய்விட்டது. இடது காதில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதுவும் புண்ணாகி, இரண்டு மூன்று வருஷத்தில் அடைந்துபோயிற்று. அம்மா தம்பியை அக்காவின் பக்கத்தில் கிடத்தினாள். தவலையைக் கொல்லையில் தூக்கிப் போட்டாள். பிறகு ஒருநாள் அது அங்கே இல்லை. மாமா எடுத்துப்போனாரா, பழைய பாத்திரக்காரனுக்குப் போயிற்றா, யாருக்கும் தெரியாது. பம்ப், தகர டப்பா, ரப்பர் கண்ணாடி எல்லாம் அப்படியே ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

அந்தப் படத்தை அப்பா கழுவினார். ஏன் கழுவினார் என்று எனக்குப் புரியவில்லை. பார்ஜின் தட்டில் அக்கா நிற்கிறாள். பாவாடை பூப்போல விரிந்திருக்கிறது. தலைக்கு மேலே மீன் கூட்டம். இரண்டு உள்ளங்கையாலும் தவலையின் இரண்டு பக்கத்தையும், காதுக்கு நேரே, அழுத்திப் பிடித்திருக்கிறாள். அதைப் பார்த்த பெரியப்பாகூட, “குடத்தைத் தாங்கின மாதிரி எவ்வளவு லட்சணமா நிக்கா” என்றார். அப்பா தாளை அவர் கையிலிருந்து வாங்கி நான்காகக் கிழித்தார். நெகட்டிவையும் அடுப்பில் போட்டார்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டில் யாரையும் படம் பிடிக்கவில்லை. என் கல்யாணத்துக்குக்கூட வேறு ஸ்டுடியோவிலிருந்துதான் ஆள் வந்தது.

அக்கா அப்பாவோடு பேசுவதை விட்டுவிட்டாள். ஆரம்பத்தில் உடம்பு சரியில்லாததால் என்று நினைத்தோம். அவளோடு பேச ஒரு சிலேட்டு வைத்திருந்தோம். அம்மா எழுதினால் படிப்பாள், நான் எழுதினால் படிப்பாள், பதிலை வாயால் சொல்வாள். அப்பா எழுதி நீட்டினால் கையை நீட்டமாட்டாள். அவர் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பிறகு தானே அழித்துவிடுவார்.

பள்ளிக்கூடம் நின்றது. மாப்பிள்ளை பார்க்க இரண்டு தடவை வந்தார்கள், வாசலோடு போனார்கள். அவளுக்கு வர்ணம் தீட்டத் தெரியும் என்பதால், கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வர்ணம் போடுகிற வேலையை அம்மா அவளுக்கு ஏற்பாடு செய்தாள். கல்யாணப் பெண்களின் கன்னத்துக்கு ரோஜா நிறம், புடவைக்குப் பச்சை. அப்பா ஒரு மேஜையில் படத்தை வெட்டுவார். அக்கா எதிர் மேஜையில் வர்ணம் போடுவாள். இருபத்தெட்டு வருஷம் ஒரே அறையில் அப்படி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை கிடையாது. அவர் வேலையை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் போன பிறகுதான் எடுப்பாள்.

நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் சொல்லலாம் என்று இருந்தேன். பிள்ளை பெற்றேன், பெண்ணுக்குக் கல்யாணம் செய்தேன். பழசாகப் பழசாக அது சின்னதாகும் என்று நினைத்தேன். பெரிதாகிக்கொண்டே போயிற்று.

அப்பா படுத்த படுக்கையான பிறகு ஒருநாள் பார்க்கப் போயிருந்தேன். அக்கா கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பாமல் போனாள். அப்பா அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் அவளைக் கடலுக்குக் கொண்டுபோனது தப்புத்தான்” என்றார். “அதுக்குக் கோபப்பட்டா நியாயம். ஆனா இது கோபம் மாதிரி இல்லையே. எனக்குத் தெரிஞ்சே அனுப்பினேன்னு நினைக்காளோ?”

“அதெல்லாம் இல்லப்பா” என்றேன்.

அது நான் சொன்ன இரண்டாவது பொய்.

பத்து நாளில் போய்விட்டார். முன்னறையில், திரைச்சீலைக்கு முன்னால் படமெடுக்க ஆட்களை உட்காரவைக்கிற இடத்தில் கிடத்தியிருந்தார்கள். எடுப்பதற்கு முன்னால், முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று குரல் வந்தது. அக்காவைக் காணோம். உள்ளே போனேன். வர்ணம் போடுகிற மேஜையில், யாரோ ஒரு குழந்தையின் படத்துக்குக் கன்னம் தீட்டிக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்து இழுத்தேன். தலையை ஆட்டினாள். வரமாட்டேன் என்று வாயால் சொல்லவும் இல்லை. தூரிகையைத் தண்ணீரில் அலசிவிட்டு மறுபடி தொட்டாள். அம்மா வாசலில் அழுதுகொண்டே, அவளை விட்டுவிடு என்றாள். விட்டுவிட்டேன். தூக்கிக்கொண்டு மூலக்கொத்தளம் மயானத்துக்குப் போனார்கள்.

மறுநாள் மத்தியானம், வந்தவர்களில் பாதிப்பேர் கிளம்பிப் போன பிறகு, சிலேட்டை எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். நாற்பது வயது தாண்டியவள், அவளுக்கு எதிரே உட்கார்ந்து எழுதினேன். ‘அன்றைக்கு நான் அப்பாவிடம் சொல்லவேயில்லை. உன் காதைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் பொய் சொன்னேன்.’

படித்தாள். மறுபடி படித்தாள். சிலேட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் வைத்துப் படித்தாள். அவள் என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன். அவள் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. அக்கா எப்போதும் சத்தமாகத்தான் பேசுவாள். கூடத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள்.

“அப்போ அவருக்குத் தெரியாதா?”

தெரியாது என்று தலையாட்டினேன்.

அவள் எழுந்து முன்னறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரம் இன்னும் காயவில்லை. திரைச்சீலைக்கு முன்னால் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என்னிடம் திரும்பினாள். மூட முடியாத அந்தக் கண் மட்டும் நனைந்திருந்தது.

“நேத்தே சொல்லியிருக்கலாமேடி” என்றாள்.